இன்ஜின் ஓவர்ஹீட் ஆனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி ஓவர்ஹீட் ஆகிறது என்றதும் பலர் முதலில் தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறியதும், குளிர்விக்கும் திரவமான கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மாற்றுகிறார்கள். சரியாகவில்லை என்றால் ரேடியேட்டர், அப்புறம் வாட்டர் பம்ப். இத்தனையும் மாற்றிய பிறகு ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) செத்துப்போயிருந்தது தெரியவரும். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால், வண்டி எந்த வேகத்தில், கிளம்பி எவ்வளவு நேரத்தில், ஏசி போட்டா போடாமலா சூடாகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். சந்தேகம் தானாகவே ஒன்றிரண்டு பாகங்களுக்குள் சுருங்கிவிடும். கீழே உள்ள பதில்கள் பெட்ரோல், டீசல் கார்கள் இரண்டுக்கும் பொருந்தும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே உட்கார முடியாத அளவுக்கு அனல் அடிக்கும், ஆனால் ஹீட்டர் என்பதே ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே எடுத்துவிடும். பத்திரமான ஓர் ஓரம் கிடைக்கும்வரை ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்து ஓட்டுவதற்கு இந்த அவகாசம் போதும்.

முள் ஏற்கெனவே சிவப்பில் இருந்தாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, போனட்டிலிருந்து ஆவி வந்தாலோ இந்த உத்தியெல்லாம் வேண்டாம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்னொரு சூழ்நிலையிலும் அப்படித்தான்: ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தும் குளிர்ந்த காற்றே வருகிறது என்றால் இன்ஜினுக்குள் கூலண்ட் இல்லை, அல்லது சுற்றவில்லை. அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினுக்குச் சேதம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு ஹோஸ் வெடிப்பதோ ஃபேன் நிற்பதோ சின்ன ரிப்பேர். "பக்கத்துலதானே மெக்கானிக், போயிடலாம்" என்று அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போவதுதான் அதை ஹெட் கேஸ்கெட் வேலையாக மாற்றுகிறது. இன்ஜினின் அடிப்பகுதியான பிளாக்குக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

ரேடியேட்டரின் மேல்பக்கம் சேரும் மேல் ஹோஸைத் தொட்டால் வெறும் கைக்குச் சுடாத அளவுக்கு இன்ஜின் ஆறிய பிறகு. இதற்கு அரை மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும்.

கூலிங் சிஸ்டம் பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில் வேலை செய்கிறது. அந்த அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் உள்ளே இருப்பது கொதிக்காமல் திரவமாகவே இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும். கையும் முகமும் வெந்துபோகும் விபத்து இது. ஆறிய பிறகும் கனமான துணியை மூடிமேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கால் திருப்பு திருப்பி நிறுத்துங்கள். உஸ் என்ற சத்தம் முழுதாக அடங்கிய பிறகே மிச்சத்தைத் திருப்ப வேண்டும்.

போனட்டைத் திறந்து வைத்திருக்கும்போது ஃபேனுக்குப் பக்கத்தில் கை வேண்டாம். பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் எலக்ட்ரிக் ஃபேன் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும்.

சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றலாமா?

கூடாது. கொதிக்கும் சூட்டில் இருக்கும் உலோகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கும். ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். உள்ளே ஊற்றுவதற்கும் இதே விதிதான். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

இன்ஜின் எவ்வளவு சூடாக இருப்பது சரி?

பெரும்பாலான கார்களில் கூலண்டின் வேலைச் சூடு 85 முதல் 105 டிகிரி வரை. தெர்மோஸ்டாட் மாடலைப் பொறுத்து 80களின் தொடக்கத்திலிருந்து 90களின் நடுவுக்குள் திறக்கத் தொடங்கும். ஃபேன் 95 முதல் 105க்குள் எங்கேயாவது ஓட ஆரம்பிக்கும். எனவே டிராஃபிக்கில் நிற்கும்போது 100ஐத் தொடுவது கோளாறு கிடையாது. 115ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் நிறுத்த வேண்டும்.

டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பாதீர்கள். இன்றைய கார்கள் பலவற்றில் முள் வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 80 ஆனாலும் 105 ஆனாலும் அதே இடத்தில்தான் இருக்கும், பிறகு ஒரேயடியாக மேலே பாயும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகி மொபைலில் பார்த்தால் கூலண்டின் உண்மையான டிகிரி தெரியும். ஓவர்ஹீட் தேடலில் எந்தப் புதுப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்னால் நான் வாங்கச் சொல்வது இதைத்தான்.

ஆவி வருகிறது, ஆனால் முள் கீழே இறங்கிவிட்டது. அப்படியென்றால் ஆறிவிட்டதா?

இல்லை, நிலைமை மோசமாகியிருக்கிறது. சென்சார் கூலண்டுக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலண்ட் வெளியேறி சென்சார் வெறும் காற்றில் தொங்கினால் குறைவாகவே காட்டும். முள் திடீரென்று விழுந்து, ஹீட்டரும் குளிர்ந்துவிட்டால் கூலண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு இன்ஜினை அணையுங்கள்.

காரணத்தை எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

எப்போது சூடாகிறது என்பதிலிருந்து.

சிக்னலிலும் டிராஃபிக்கிலும் ஏறுகிறது, வேகமெடுத்தால் இறங்கிவிடுகிறது என்றால் காற்றோட்டப் பிரச்சினை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே, ஒயரிங், சென்சார் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

டிராஃபிக்கில் ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலோ ஏற்றத்திலோ மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேனை மறந்துவிடலாம். காற்று தாராளமாக வருகிறது, கூலண்ட் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், கீழ் ஹோஸ், இவைதான் சந்தேகப் பட்டியல். ஹெட் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தாலும் முதலில் லோடில்தான் தெரியும்.

கீழ் ஹோஸைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் பார்ப்பதில்லை. வாட்டர் பம்ப் கூலண்டை உறிஞ்சுவது இந்த ஹோஸ் வழியாகத்தான். ரப்பர் தளர்ந்துபோயிருந்தாலும் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும், 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் உறிஞ்சும் வேகத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சில வண்டிகளில் இதைத் தடுக்க ஹோஸுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். துருப்பிடித்து அது உடைந்துபோனாலும் இதே கதைதான்.

கிளம்பி ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஏறுகிறது என்றால் மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், மிகக் குறைந்த கூலண்ட், அல்லது ஹெட் கேஸ்கெட். முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடினால் ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று), அல்லது கூலண்ட் குறைவு. ஏசி போட்டால் மட்டும் ஏறினால் ஃபேனும், முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேர்ந்த அழுக்கும்.

இந்தப் பொருத்தங்கள் நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேடலை எந்த முனையில் தொடங்குவது என்பதை இவை காட்டிவிடும்.

ஃபேன் சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் உடனேயோ சற்று நேரத்திலோ ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ரிலே. அதே பெட்டியில் அதே நம்பர் உள்ள வேறொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் ஓடாவிட்டால் ஃபேன் கனெக்டரைக் கழற்றி, மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு ஒயரிலோ சென்சாரிலோ கண்ட்ரோல் யூனிட்டிலோ இருக்கிறது. சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. நேரடியாகக் கரண்ட் கொடுக்கும்போது முனைகள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது சகஜம். அப்போது ஃபேன் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, சூடு மிக ஏறிய பிறகு முழு வேகத்தில் அலறும். "ஃபேன்தான் ஓடுகிறதே" என்று அதை விட்டுவிடக் கூடாது.

ஃபேன் ஓடினால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுகிறது என்பதும் முக்கியம். ஒரு வண்டியில் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் மாற்றிய பிறகும் டிராஃபிக்கில் முள் ஏறிக்கொண்டே இருந்தது. முன் கிரில்லுக்கு எதிரே ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தால், உள்ளே ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் வெளிப்பக்கம் பறந்தது. முன்பு யாரோ மோட்டார் மாற்றும்போது இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, வருகிற காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் எல்லா வண்டிக்கும் இந்தத் தாள் சோதனை பொருந்தும்.

பெல்ட்டில் ஓடும் பழைய வகை ஃபேனில், சூடானால் ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே ஃபேனைக் கையால் சுண்டுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிடங்களுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும், பிறகு தெர்மோஸ்டாட் திறந்ததும் சில நொடிகளிலேயே நன்றாகச் சுடும். முள் ஏறிப்போயும் ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அங்கே கை வைக்க வேண்டியது கீழ் ஹோஸில்.

கழற்றிவிட்டீர்கள் என்றால் பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். திறக்கும் டிகிரி பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும். அந்த அளவை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்குப் பத்துப் பதினைந்து டிகிரி மேலே முழுதாகத் திறக்க வேண்டும். புதியதை மாட்டுவதற்கு முன்னால் அதையும் இப்படிச் சோதிப்பது நல்லது. மாட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன வால்வு (ஜிகிள் வால்வு) இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேற அதுதான் வழி.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டால் என்ன? பலர் அப்படி ஓட்டுகிறார்களே?

செய்யாதீர்கள். இன்ஜின் வேலைச் சூட்டை அடையவே வெகுநேரம் எடுக்கும். அதுவரை கம்ப்யூட்டர் "இன்னும் குளிராக இருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். மைலேஜ் குறையும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். இன்னொன்றும் இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

வாட்டர் பம்ப் போய்விட்டது என்பதற்கு அடையாளம் என்ன?

பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள் சீல் தேய்ந்தால் கூலண்ட் அந்த வழியாக வெளியே வரும்படி அமைத்திருக்கிறார்கள். அங்கே ஈரமோ, காய்ந்துபோன பச்சை, இளஞ்சிவப்புப் படிவோ தெரிந்தால் பம்புக்கு நேரம் வந்துவிட்டது. புல்லியை ஆட்டினால் ஆட்டம் இருப்பது, பேரிங் கரகரப்பு ஆகியவையும் அடையாளங்கள்.

கஷ்டமானது, ஒழுகாமல் சத்தமும் போடாமல் கெட்டுப்போகும் பம்ப். உள்ளே இருக்கும் இறக்கைகள் அரித்துப்போயிருக்கும், அல்லது பிளாஸ்டிக் இறக்கை தண்டிலிருந்து நழுவி வழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் புல்லி அழகாகச் சுற்றும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தும் ஹீட்டர் வெதுவெதுப்பாகவே இருந்து, ஆர்பிஎம் ஏற்றினாலும் ரேடியேட்டருக்குள் ஓட்டம் தெரியவில்லை என்றால் பம்பைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான். டைமிங் பெல்ட் சுற்றும் பம்ப் என்றால் பெல்ட்டையும் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டுக்கும் பிரித்துப் போடும் வேலை ஒன்றுதான்.

ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வெளி அடைப்பு, உள் அடைப்பு என்று இரண்டு உண்டு. வெளியே பூச்சி, இலை, மண். முன்னால் பார்த்தால் ஏசி கண்டென்சர் மட்டும்தான் தெரியும், அது சுத்தமாக இருக்கலாம். அழுக்கு சேர்வது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள விரற்கடை இடைவெளியில். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றுவழியும் போய்விடும்.

உள் அடைப்புக்கு, இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முழுக்க வரிசையாக அளந்து பாருங்கள். கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும், அளக்கும் இடங்களில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூடியை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒரு மூடி அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். பல கார்களில் மூடியின் அழுத்த அளவு 0.9 முதல் 1.4 பாருக்குள் இருக்கும். வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலண்ட் கலவை 125ஐத் தாண்டும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வண்டியில் வேறு எந்தக் குறையும் இல்லாமலே கூலண்ட் கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வழிந்துவிடும்.

மூடியில் எதிர்ப்பக்கம் திறக்கும் குட்டி வால்வும் உண்டு. ஆறும்போது ரிசர்விலிருந்து கூலண்டைத் திரும்ப இழுப்பது அதுதான். காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அந்த வால்வு அடைத்திருக்கிறது. எழுதியிருக்கும் அழுத்த அளவையே வாங்குங்கள். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும்தான் முதலில் வெடிக்கும்.

எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது. எங்கே போகிறது?

பிரஷர் டெஸ்டர் இதற்குப் பதில் சொல்லும். ஆறிய இன்ஜினில், மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றிக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. சூடாக இருக்கும்போது ஆவியாகிக் காணாமல்போகும் ஒழுகல்கள் இப்போது சொட்டாக நிற்கும். ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம், பம்ப் ஓட்டை, எல்லாவற்றையும் பாருங்கள்.

வெளியே சொட்டே இல்லை என்றால் உள்ளே தேடுங்கள். முன்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுக்கான மூட்டம் படிந்து, இனிப்பு வாடை வந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர்). டீசல் வண்டியில் ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விப்பது) உள்ளே விரிசல் விட்டு, கூலண்ட் சைலன்சர் வழியாகப் போவதும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலர் இருந்தால், அது உடைந்து இரண்டும் கலந்து இளஞ்சிவப்பு நுரையாகிவிடும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது, கியர்பாக்ஸ் போய்விடும். இவை எதுவும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வது எப்படி?

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் மூடியின் அடியில் பால் நிறப் பிசின் இருந்தாலே கேஸ்கெட் என்று பயமுறுத்துவார்கள். குளிர்காலத்தில் தினமும் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில் நீர்த்துளி சேர்ந்தே அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) உள்ள ஆயிலும் பால்போல மாறியிருந்தால்தான் கவலை. காலையில் வரும் வெள்ளைப் புகையும் அப்படித்தான், இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை எந்தக் கருவியும் கேட்பதில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் மூடி இறுக்கமாக இருக்க, ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள்ளேயே அது கல்லாக இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததாக இருக்க முடியாது, இன்ஜின் இன்னும் சூடாகவே இல்லையே. எரியும் வாயு சிலிண்டரிலிருந்து கூலண்டுக்குள் நுழைகிறது என்று பொருள். அணைத்துவிட்டு, ஆறிய நிலையில் மூடியை எடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வரும்.

உறுதிப்படுத்த, பிளாக் டெஸ்டர் திரவம். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அந்த நீலத் திரவம் வழியாக இழுத்தால், எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் திரவம் மஞ்சளாகும். பெட்ரோல் இன்ஜினில் பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருந்தால் கூலண்ட் நுழையும் சிலிண்டர் அதுதான். கம்ப்ரெஷன் டெஸ்டும் அதையே காட்டும்.

ஹெட்டைக் கழற்றினால் மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடச் சம்மதிக்காதீர்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின்மேல் போல்ட்டால் இறுக்கிக் கட்டிய அலுமினிய ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் போக இடமில்லாமல் வளைகிறது. நேர் ஸ்கேலை ஹெட்டின்மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்க்க வேண்டும். பல இன்ஜின்களில் அனுமதி 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், சரியான எண் அந்த வண்டியின் மேனுவலில் உண்டு. வளைந்திருந்தால் ஃபேஸிங் (முகத்தைச் சீவிச் சமமாக்குவது) செய்ய வேண்டும், அதற்கும் இவ்வளவுதான் சீவலாம் என்ற எல்லை உண்டு. விரிசல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பிளாக்கின் மேல்முகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். இறுக்கும்போது இழுபட்டு நீளும் வகைப் போல்ட்டுகள் என்றால் புதிதுதான் போட வேண்டும். இறுக்கும் வரிசையும் அளவும் மேனுவல்படி இருக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தாலும், முதலில் ஏன் ஓவர்ஹீட் ஆனது என்று கண்டுபிடித்தார்களா என்று கேளுங்கள். அந்த ஃபேனோ ரேடியேட்டரோ அப்படியே இருந்தால் புதுக் கேஸ்கெட்டும் போகும்.

வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா?

நடுவழியில் வேறு வழியில்லாமல், அடுத்த மெக்கானிக்வரை போக, சரி. நிரந்தரமாக வேண்டாம். சூட்டை வாங்கிச் செல்வதில் தண்ணீர் கூலண்ட் கலவையைவிடக் கெட்டிக்காரன் என்பது உண்மை. ஆனால் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து அதில் இல்லை. உப்புத் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து, நாளடைவில் ஓட்டத்தையே அடைத்துவிடும். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரிவரை உறையாது, கொதிநிலையும் உயரும். அதற்காகக் கூலண்டை மட்டும் ஊற்றுவதும் தவறு, சூட்டைக் கடத்தும் திறன் குறையும். கலக்குவதற்குக் கனிமம் நீக்கிய தண்ணீர். கலந்தே விற்கும் கூலண்டில் மறுபடி தண்ணீர் சேர்க்க வேண்டாம், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம்: ஒரே நிறமாக இருந்தால் கலக்கலாமா?

நிறத்தை நம்பாதீர்கள், அது வெறும் சாயம். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான நிற விதி கிடையாது. ஓனர்ஸ் மேனுவலில் சொல்லியிருக்கும் வகையை மட்டும் பாருங்கள். பொருந்தாத இரண்டு வகை கலந்தால் அரிப்புத் தடுப்பு வலுவிழக்கும், சில சமயம் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும்.

கூலண்ட் மாற்றிய பிறகுதான் சூடாக ஆரம்பித்தது. ஏன்?

ஏர் லாக். உள்ளே சிக்கிய காற்று ஹெட்டின் உச்சியிலோ ஹீட்டரிலோ தங்கி, ஓட்டத்தைத் தடுக்கிறது. ஆறிய இன்ஜினில், வண்டியின் மூக்கைச் சரிவில் உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொண்டு மேல் ஹோஸை அமுக்கி விட்டால் குமிழிகள் வரும். காற்றை வெளியே விடும் பிளீட் ஸ்குரூ இருக்கும் வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாத ஒழுக்கு வந்ததும் இறுக்குங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்று, ஹீட்டரில் நல்ல சூடு வந்தால் காற்று போய்விட்டது. மறுநாள் காலையில் மட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

ஒழுகலை அடைக்கும் பவுடர், திரவம் எல்லாம் ஊற்றலாமா?

வேண்டாம். அது ஒழுகும் ஓட்டையை மட்டும் தேடிப் போவதில்லை. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

கூலிங் சிஸ்டம் முழுக்கச் சரியாக இருக்கிறது, ஆனாலும் சூடாகிறது. வேறென்ன?

இன்ஜின் ஆயில் மட்டம். பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக். அடைத்துப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்): புகை வெளியேற முடியாமல் சூடு உள்ளேயே தங்கும், இழுவையும் குறையும். தாமதமான இக்னிஷன் டைமிங், பெட்ரோல் போதாத கலவை. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு, அடித்தட்டு இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேலை செய்யும்போது கழற்றித் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்கோ பாதுகாப்புக் கம்பியோ மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு தடவை ஓவர்ஹீட் ஆகி, ஆறி, கூலண்ட் ஊற்றியாகிவிட்டது. அப்படியே ஓட்டலாமா?

முதலில் டிப்ஸ்டிக். ஆயில் பால்போல இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, பேரிங்குகள் போய்விடும். நன்றாக இருந்தால் ஸ்டார்ட் செய்து, ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுகிறதா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, கூலண்ட் சொட்டுகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஏசி இல்லாமல், முள்ளைப் பார்த்துக்கொண்டே மெக்கானிக்வரை மட்டும் போகலாம். முள் மறுபடி ஏறினால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்குத் தினமும் காலையில் கூலண்ட் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்துப் பாருங்கள். ஹெட் லேசாக வளைந்திருந்தால் அன்றைக்கே காட்டாது, மட்டம் மெல்லக் குறைவதில்தான் தெரியவரும்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். பெரும்பாலான கூலண்டுகளில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. கடுமையான விஷம், ஆனால் இனிப்பாக இருக்கும். தரையில் தேங்கியதை நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைத்துவிடுவார்கள். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் பாதிக்கும். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். வடித்ததை மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே என்னவென்று எழுதி, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பிடமோ அபாயக் கழிவு மையத்திடமோ கொடுங்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தியதை மணல் போட்டு உறிஞ்சவைத்து வாரி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.